கண்வழியா, செவிவழியா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் மாணவர்கள் அமைத்திருந்த விஞ்ஞானக் கண்காட்சியைத் திறந்துவைக்கச் சென்றிருந்தேன். நெடுங்காலம் கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே இத்தகைய அழைப்பு அவ்வப்போது வருவதுண்டு. அங்கே பிள்ளைகளின் சட்டையில் வட்டமான அட்டைச் சின்னங்கள் குத்தப்பட்டிருந்தன. சிலருக்கு நீலம், சிலருக்கு மஞ்சள், சிலருக்குச் சிவப்பு. விளையாட்டு அணிகளின் அடையாளமாக இருக்கும் என்று எண்ணினேன். மஞ்சள் சின்னம் அணிந்த எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம், "நீ எந்த அணி, அம்மா?" என்று கேட்டேன்.

"அணி இல்லை, சார். நான் காது வகை" என்றாள் அவள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே விளக்கினாள். யாரோ ஒரு நிபுணர் பள்ளிக்கு வந்து வினாத்தாள் ஒன்று கொடுத்தாராம். புதிய ஊரில் வழி தெரியாவிட்டால் படம் பார்ப்பாயா, பிறரைக் கேட்பாயா, நடந்து பார்த்துக் கண்டுபிடிப்பாயா என்பன போன்ற கேள்விகள். விடைகளைக் கூட்டிப் பார்த்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வகை குறித்தார்களாம். நீலச் சின்னம் கண்வழிக் கற்போருக்கு; மஞ்சள், செவிவழிக் கற்போருக்கு; சிவப்பு, கையால் செய்து கற்போருக்கு.

"காது வகையாக இருப்பதில் என்ன லாபம்?" என்றேன், விளையாட்டாக.

அவள் சிரிக்கவில்லை. "புத்தகம் படித்தால் எனக்கு ஏறாது, சார். யாராவது வாசித்துச் சொன்னால்தான் ஏறும். அக்காதான் வாசித்துக் காட்டுவாள். போன வைகாசியில் கல்யாணமாகிப் போய்விட்டாள். அதிலிருந்து எனக்குப் பாடமே ஏறவில்லை" என்றாள்.

பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி, தன்னால் தானே படித்துக் கற்க இயலாது என்று முடிவு கட்டிவிட்டாள். அவளை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது சோம்பலும் அன்று, வறுமையும் அன்று. விஞ்ஞானம் என்ற பெயரில் அவள் சட்டையில் குத்தப்பட்ட ஓர் அட்டைத் துண்டு. விஞ்ஞானத்தைக் கற்பித்தே வயிறு வளர்த்த எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அந்தச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் கொள்கை எத்தகையது, அது உண்மைதானா, உண்மையா அன்றா என்பதை எப்படிக் கண்டறிவது என்பவற்றை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

மனிதர்கள் பல்வேறு பாணிகளில் கற்கிறார்கள் என்ற எண்ணம் நம் நாட்டில் தோன்றியதன்று. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் அது பலவாறு கிளைத்தது. நியூஜிலாந்தில் பள்ளி ஆய்வாளராக இருந்த நீல் ஃப்ளெமிங் என்பவர், சில நல்ல ஆசிரியர்களாலும் சில மாணவர்களை எட்ட முடியவில்லையே, அது ஏன் என்று சிந்தித்தார். பார்த்தல், கேட்டல், படித்தும் எழுதியும் கற்றல், செய்து கற்றல் என நான்கு வழிகளை வகுத்து, அவற்றை அறிய ஒரு வினாத்தாளும் அமைத்தார். 1992-ஆம் ஆண்டில் அது கட்டுரையாக வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. மாணவரிடம் கொண்ட பரிவினால் எழுந்தது. ஆனால் நல்ல கேள்விக்குக் கிடைத்த முதல் விடையே சரியான விடையாகிவிடாது அல்லவா?

ஃப்ளெமிங் அமைத்தது பலவற்றுள் ஒன்றுதான். 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஃப்ராங்க் காஃபீல்ட் என்ற பேராசிரியரும் அவருடைய துணைவர்களும் கணக்கெடுத்தபோது, இத்தகைய பாகுபாடுகள் 71 இருந்தன. ஒருவர் மாணவரை மூன்றாகப் பிரிப்பார். மற்றொருவர் நான்காகப் பிரிப்பார். வேறொருவருடைய பிரிவுகளுக்கும் இவற்றுக்கும் தொடர்பே இராது. ஓர் உண்மையை 71 பேர் தேடிச் சென்று 71 இடங்களில் கண்டெடுத்தால், அவர்கள் தேடியது ஒரே பொருள்தானா என்று நமக்கு ஐயம் எழவேண்டும்.

ஆயினும் இக்கொள்கை வகுப்பறைகளில் வேரூன்றிவிட்டது. 2012-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மூளையைப் பற்றி ஆர்வமுள்ள 242 ஆசிரியர்களிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். மாணவருக்கு விருப்பமான பாணியில் கற்பித்தால் அவர் நன்றாகக் கற்பார் என்பதை இங்கிலாந்து ஆசிரியருள் 100-க்கு 93 பேரும், நெதர்லாந்து ஆசிரியருள் 100-க்கு 96 பேரும் நம்பினார்கள். இத்தனை பேர் நம்புவது பொய்யாக இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். பூமி அசையாமல் நிற்கிறது என்று ஒரு காலத்தில் ஏறக்குறைய எல்லோரும் நம்பினார்கள். தலைகளை எண்ணி உண்மையைத் தீர்மானிப்பது விஞ்ஞானத்தின் வழக்கமன்று.

பின் எப்படித் தீர்மானிப்பது? சோதனை செய்துதான். ஆனால் எந்தச் சோதனை நேர்மையானது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இந்த இடத்தைச் சற்றுப் பொறுமையுடன் கவனியுங்கள்.

கண் வகை என்று குறிக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் படம் காட்டிக் கற்பிக்கிறோம். தேர்வில் அவர்கள் நல்ல மதிப்பெண் பெறுகிறார்கள். உடனே கொள்கை மெய்யாயிற்று என்று மகிழலாமா? கூடாது. படம் காட்டினால் காது வகைப் பிள்ளைகளும் அவ்வளவு மதிப்பெண் பெற்றிருக்கலாம். அப்படியானால் படம் எல்லோருக்கும் நல்லது என்பது விளங்கும். பிள்ளைகளில் வகை உண்டு என்பது விளங்காது. ஆகவே செய்யவேண்டியது இது. கண் வகையினரைச் சீட்டுக் குலுக்கி இரண்டு பாதியாக்க வேண்டும். ஒரு பாதிக்குப் படம். மறு பாதிக்குப் பேச்சு. காது வகையினரையும் அவ்வாறே பிரித்து, ஒரு பாதிக்குப் படமும் மறு பாதிக்குப் பேச்சும் தரவேண்டும். இறுதியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. அத்தேர்வில் கண் வகையினருக்குப் படமும் காது வகையினருக்குப் பேச்சும் அதிகப் பயன் தந்திருந்தால் மட்டுமே கொள்கை நிலைபெறும்.

இந்த உரைகல்லைத் தெளிவாக எடுத்துரைத்தவர்கள் ஹெரால்ட் பாஷ்லர் முதலிய நான்கு அமெரிக்க உளநூல் வல்லுநர்கள். 2008-ஆம் ஆண்டில் அவர்கள் அதுவரை வந்த ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கற்றல் பாணியைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் மேற்சொன்னவாறு நேர்மையாகச் சோதித்தவை மிகச் சில. அச்சிலவற்றுள்ளும் பல, கொள்கைக்கு மாறான முடிவையே காட்டின. இக்கொள்கையைப் பள்ளிகளில் புகுத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அவர்கள் தீர்ப்புக் கூறினார்கள்.

அதன் பின்பும் சோதனைகள் நடந்தன. பெத் ரோகோவ்ஸ்கியும் துணைவர்களும் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வயது வந்தோருள் செவியை விரும்புகிறவர் யார், எழுத்தை விரும்புகிறவர் யார் என்று முதலில் கண்டறிந்தார்கள். பிறகு ஒரே நூற்பகுதியைச் சிலருக்கு ஒலிப்பதிவாகவும் சிலருக்கு எழுத்தாகவும் கொடுத்து, புரிந்த அளவைச் சோதித்தார்கள். விருப்பத்துக்கும் விளைவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. 2020-ஆம் ஆண்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி அவர்கள் வெளியிட்ட ஆய்விலும், வகைக்கேற்றபடி கற்பித்தால் நன்மை விளையும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

அப்படியானால் இந்த எண்ணம் ஏன் நம் மனத்துக்கு இவ்வளவு இதமாக இருக்கிறது? அதில் பாதி உண்மை கலந்திருப்பதுதான் காரணம். மனிதருக்கு விருப்பங்கள் உண்டு என்பது மெய். ஒருவருக்குப் படிப்பதில் நாட்டம், மற்றொருவருக்குக் கேட்பதில் நாட்டம். திறமைகளும் வேறுபடும். கண் பார்வை குறைந்த பிள்ளைக்கும் காது கேளாத பிள்ளைக்கும் வேறு வழிகள் வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் விருப்பம் வேறு, விளைவு வேறு. எனக்கு இனிப்பில் விருப்பம் அதிகம். அதனால் இனிப்புத்தான் என் உடம்புக்கேற்ற உணவு என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார்.

கற்கும் வழியை நிர்ணயிப்பது பெரும்பாலும் கற்கப்படும் பொருளே. தேசப்படத்தைக் காதால் கேட்டுக் கற்க இயலாது. கல்யாணி ராகத்தைப் படம் பார்த்துக் கற்க இயலாது. மிதிவண்டி விடுவதை நூல் படித்துக் கற்க இயலாது. இது எல்லோருக்கும் பொது. வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். மக்களைக் கற்போர் என்றும் கேட்போர் என்றும் இரண்டு இனங்களாக அவர் வகுக்கவில்லை. இரண்டும் எல்லோருக்கும் வேண்டும் என்பதே அவர் கருத்து.

பாதி உண்மையின் மேல் கட்டிய கட்டடங்களுள் மற்றொன்றையும் சொல்லுகிறேன். கலிபோர்னியாவைச் சேர்ந்த பால் டென்னிசனும் அவர் மனைவி கெய்ல் டென்னிசனும் 1980-க்குப் பிந்திய ஆண்டுகளில் 'பிரெயின் ஜிம்' என்ற முறையைப் பரப்பினார்கள். மூளைக்குரிய தேகப்பயிற்சி என்று பொருள் கொள்ளலாம். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பள்ளிகள் பலவற்றில், பொதுமக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளிகள் உட்பட, அது வழங்கிவந்தது. காறை எலும்பின் கீழே இரண்டு இடங்களை விரலால் தேய்த்தால் மூளைக்கு இரத்தம் மிகுதியாகப் பாயுமாம். அவற்றுக்கு 'மூளைப் பொத்தான்கள்' என்று பெயர். தண்ணீரை விழுங்குமுன் வாயில் சற்று நிறுத்தி வைத்தால், அது மேலண்ணத்தின் வழியாக மூளைக்குச் செல்லுமாம். பக்குவப்படுத்திய உணவில் நீர் இல்லை என்ற வாசகமும் ஆசிரியர் கையேட்டில் இருந்தது.

உடல்நூலில் முதற்பாடம் படித்த மாணவர் இதற்கு மறுமொழி சொல்லிவிடலாம். மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெரிய தமனிகள் கழுத்தின் வழியாக ஏறுகின்றன; மார்பின் தோலைத் தேய்ப்பதால் அங்கே வெள்ளம் பெருகாது. குடித்த நீர் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலக்கிறதே தவிர, அண்ணத்தைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறுவதில்லை. பக்குவப்படுத்திய உணவில் நீர் இல்லையென்றால், உலையில் வெந்து இறக்கிய நம் சோற்றில் பாதிக்கு மேல் இருப்பது என்ன? 2007-ஆம் ஆண்டில் கீத் ஹயாட் என்பவர் இம்முறைக்குரிய ஆராய்ச்சிச் சான்றுகளை ஆராய்ந்து, அவை இதன் உரிமைகோரல்களைத் தாங்கவில்லை என்று எழுதினார். 2008-ஆம் ஆண்டில் பிரிட்டனின் நரம்பியல் அறிஞர் சங்கமும், உடலியல் அறிஞர் சங்கமும், விஞ்ஞான உண்மைகளைப் பொதுமக்களுக்கு எடுத்துரைக்கும் ஓர் அமைப்பும் சேர்ந்து, உள்ளூர்க் கல்வி அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை விடுத்தன.

இங்கும் பாதி உண்மை உண்டு. நெடுநேரம் உட்கார்ந்த பிள்ளைகள் எழுந்து கைகால்களை அசைப்பது நல்லது. தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதும் நல்லது. ஆனால் இவற்றைச் சொல்ல நிபுணர் வேண்டியதில்லை. நம் பாட்டிமாரே போதும். இந்த எளிய உண்மையோடு தமனி, நரம்பு, மூளை என்று பெரிய சொற்களைச் சேர்க்கும்போதுதான் ஏமாற்றம் புகுகிறது. நாளைக்கு அதே ஆசிரியர் உயிரியல் வகுப்பில் இரத்த ஓட்டத்தைக் கற்பிக்கும்போது பிள்ளை எதை நம்பும்? போன காசு திரும்பி வரலாம். பிள்ளையின் மனத்தில் விழுந்த பிழையை எடுப்பது எளிதன்று.

சரி, பொய்யான முறைகளைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தால் போதுமா? நேர்மையான சோதனையில் தேறிய முறை ஒன்றும் இல்லையா என்று நீங்கள் கேட்பது நியாயமே. உண்டு. அது உங்களுக்குப் பிடிக்காமற் போகலாம். ஏனெனில் அதில் பிரயாசை அதிகம்.

2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் ஓர் ஆய்வு நடத்தி வெளியிட்டார்கள். 120 கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு சிறு பகுதிகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று சூரியனைப் பற்றியது, மற்றொன்று கடல் நீர்நாயைப் பற்றியது. ஒரு பகுதியை மாணவர்கள் மறுபடியும் படித்தார்கள். மற்றப் பகுதியை மறுபடி பார்க்காமல், நினைவிலிருந்ததைத் தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துத் தேர்வு வைத்தபோது, மறுபடி படித்த பகுதியில் 100-க்கு 81 பங்கும், நினைவிலிருந்து எழுதிய பகுதியில் 75 பங்கும் சொன்னார்கள். படிப்பதே வென்றது போலத் தோன்றியது. ஆனால் ஒரு வாரம் கழித்துத் தேர்வு எழுதியவர்களிடம் நிலைமை தலைகீழாயிற்று. மறுபடி படித்ததில் 42 பங்குதான் நின்றது; நினைவிலிருந்து எழுதியதில் 56 பங்கு நின்றது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அதே ஆய்வின் இரண்டாம் பகுதியில், தமக்கு எவ்வளவு நினைவில் நிற்கும் என்று மாணவர்களையே கேட்டார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தாம் மிகுதியாக நினைவிலிருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அவர்களுடைய மனமே அவர்களை ஏமாற்றியது! படித்த வரியைக் கண்கள் மீண்டும் காணும்போது அது பழகிய முகம் போல் தோன்றுகிறது. பழக்கத்தை அறிவு என்று நினைத்துவிடுகிறோம். ஏட்டை மூடிவைத்து நினைவுகூரும்போது தட்டுத் தடுமாறுகிறோம். ஆனால் அந்தத் தடுமாற்றத்தில்தான் பாடம் வேர்விடுகிறது. நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் பாடத்தைச் சட்டாம்பிள்ளையிடம் ஒப்பிக்கவேண்டும். பொருள் உணராமல் ஒப்பித்தால் அது கிளிப்பேச்சு. பொருள் உணர்ந்து, ஏட்டை மூடிவிட்டு, சொந்த வாக்கில் ஒப்பித்தால் அதுவே மேற்சொன்ன ஆராய்ச்சி காட்டிய வழி. இதனோடு, ஒரே இரவில் படித்து முடிப்பதை விட்டு, இடைவெளி விட்டுப் பல நாட்களில் படிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் நன்மையை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹௌஸ் 1885-ஆம் ஆண்டிலேயே தம் நூலில் எழுதினார். பிற்காலச் சோதனைகள் பலவும் அதை உறுதிப்படுத்தின.

எந்த வழி இனிதாக இருக்கிறது என்பதைக் கொண்டு எந்த வழி நல்லது என்று சொல்ல முடியாது என்பது இப்போது விளங்கியிருக்கும். ஆகவேதான் சோதனை வேண்டியிருக்கிறது. நாளைக்கு உங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ ஒருவர் புதிய முறை ஒன்றைக் கொண்டுவந்தால், பணிவோடு மூன்று கேள்விகள் கேளுங்கள். இம்முறையில் கற்றவரை, கல்லாத யாரோடு ஒப்பிட்டீர்கள்? இரு சாராரையும் எப்படிப் பிரித்தீர்கள்? இருவருக்கும் ஒரே தேர்வு வைத்தீர்களா? இம்மூன்றுக்கும் நேரான விடை தருபவரை வரவேற்க வேண்டும். மூளை, நரம்பு என்று மட்டும் பேசி விடையை மழுப்புபவரிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். கேள்வி கேட்பது பெரியோருக்கு அவமரியாதை அன்று. விஞ்ஞானத்துக்கு நாம் செய்யும் மரியாதையே அதுதான்.

அந்தச் சிறுமியை என்ன செய்தேன் என்று சொல்லாமல் முடிக்கக்கூடாது. நெடிய பிரசங்கத்துக்கு அது சமயமன்று. கண்காட்சி மேசையில் கிடந்த தாள் ஒன்றை எடுத்து, ஒரு முக்கோணமாக வெட்டினேன். "இதன் மூன்று கோணங்களையும் கூட்டினால் எவ்வளவு?" என்றேன். "180 பாகை என்று வாத்தியார் சொன்னார், சார். ஏன் என்று தெரியாது" என்றாள். தாளின் மூன்று மூலைகளையும் கிழித்து அவள் கையில் கொடுத்து, முனைகள் ஒன்று சேரும்படி வைக்கச் சொன்னேன். வைத்தாள். மூன்று மூலைகளும் சேர்ந்து ஒரு நேர்கோட்டில் அமர்ந்தன. ஒரு கணம் பார்த்தாள். "நேர்கோடு, சார்! அதனால்தான் 180!" என்று கூவினாள். நான் அவள் மஞ்சள் சின்னத்தைச் சுட்டிக்காட்டி, "காதால் கேட்டாயா, அம்மா?" என்றேன். அவள் கையிலிருந்த தாள் துண்டுகளையும் சின்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

ஒரு பெண் ஒரு நாள் ஒரு கணக்கைப் புரிந்துகொண்டது விஞ்ஞானச் சான்று ஆகாது. அதைச் சான்று என்று நான் சொன்னால், நான் குறைகூறியவர்களின் பிழையையே நானும் செய்தவனாவேன். சான்று மேலே கூறிய சோதனைகளில் இருக்கிறது. நான் விரும்பியதெல்லாம், தன் கண்ணும் கையும் தன்னுடையவைதாம் என்பதை அவள் ஒருமுறை அனுபவித்து அறியவேண்டும் என்பதே.

விடைபெறும்போது அவள் பாடநூலைப் புரட்டிக் கொடுத்து, "இன்று இரவு ஒரு பக்கம் நீயே படி. புத்தகத்தை மூடி, படித்ததைச் சொல்லிப் பார். முதலில் பாதிதான் வரும்; வரட்டும். நாளைக்கு மறுபடி செய்" என்றேன். மாணவ நண்பர்களே, உங்களுக்கும் நான் சொல்லுவது அதுவே. உங்கள் சட்டையில் யார் எந்தச் சின்னத்தைக் குத்தினாலும், ஏட்டைத் திறக்கும் உரிமையும் மூடிவைத்து நினைக்கும் உரிமையும் உங்களுடையவை. அவற்றை எவரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள்.